2023–24 ஆண்டறிக்கை: திருமுறை வழிபாட்டு மன்றம், மதுரை

திருச்சிற்றம்பலம்.

தலைவர் ஐயா அவர்களுக்கும், பொருளாளருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். அவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும், வழக்கம்போல் திறந்து பார்க்காமல் இருக்கலாம்.

முதலில் ஆண்டு நிகழ்ச்சிகள். சித்திரைத் திருவிழாவில் மே 2ஆம் தேதி திருக்கல்யாணத்தன்று நீர்மோர்ப் பந்தல் போட்டோம். நால்வர் குருபூசை நான்கும் குறையில்லாமல் நடந்தன. ஆவணி மூலத்தில் புட்டுத் திருவிழாவுக்குப் போய்ப் பாடினோம். இரண்டு கோயில்களில் உழவாரப்பணி, அதாவது கோயிலைச் சுத்தம் செய்யும் தொண்டு, செய்தோம். மார்கழி முழுக்க விடியற்காலையில் திருவெம்பாவை வீதிவலம் நடந்தது. அதில் நான்கு நாள் மூன்றே பேர், ஒரு நாய். மகா சிவராத்திரியில் நான்கு காலமும் பாடியதாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. மூன்றாம் காலத்தில் யார் யார் விழித்திருந்தார்கள் என்பதை நான் எழுதவில்லை. சரி.

இந்த ஆண்டின் பெரிய விஷயம் நம் ஓதுவார் ஐயா குடும்பத்தோடு மொரீஷியஸ் போனது. ‘இருந்த ஒரு ஓதுவாரையும் செயலாளர் கப்பலேற்றிவிட்டார்’ என்று டீக்கடையில் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். கப்பல் இல்லை, விமானம். மும்பை வழியாகப் போனார்கள். மற்றபடி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2023 மே மாதம், திருக்கல்யாணம் முடிந்த வாரம், ஐயா என் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். அங்கே ஒரு கோயிலில் இரண்டு வருடத்துக்கு ஓதுவார் வேண்டும், தங்க வீடு தருகிறோம், மனைவி பிள்ளைகளையும் கூட்டி வரலாம் என்று எழுதியிருந்தது. இங்கே அவருக்கு என்ன வருமானம் என்று நம் எல்லாருக்கும் தெரியும். மூன்று சின்னக் கோயில்களில் பூசை நேரத்தில் பாடுகிறார், புதுமனை புகுவிழா, அறுபதாம் கல்யாணம், நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. அந்த வகுப்புக்கு நாம் கொடுத்தது தட்சிணை. அதைச் சம்பளம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தங்கை கல்யாணக் கடன் வேறு பாதி அப்படியே இருந்தது. அம்மாவை விட்டுப் போவதுதான் அவருக்குத் தயக்கம். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, முழங்கால் மடங்காது. ‘எனக்கு வைகையே போதும், கடலெல்லாம் எதுக்கு’ என்று சொல்லிவிட்டார்.

நான்தான் போங்கள் என்றேன். ஆமாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜூன் மாதக் கூட்டத்தில் ‘ஓதுவார் குடும்பம் திரும்பும்வரை அன்னாரின் தாயாரை மன்ற உறுப்பினர்கள் முறைவைத்துக் கவனித்துக்கொள்வது’ என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கை தூக்கியவர்கள் இருபத்தேழு பேர். ஒருமனதாக என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் ஞாபகம் வைத்திருங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

விமான நிலைய வாசலில் கோளறு பதிகம் பாடி வழியனுப்பினோம். சம்பந்தர் திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குக் கிளம்பும்போது பாடியதை, மதுரையை விட்டுப் போகிறவருக்குப் பாடலாமா என்று ஒரு உறுப்பினர் அங்கேயே கேட்டார். பயணம் என்றால் பயணம்தான், பாடுங்கள் என்றேன். வாயில் காவலர் கூட்டம் போடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார். பதினொரு பாட்டையும் முடித்துவிட்டுத்தான் நகர்ந்தோம்.

அங்கே அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்பவர்களுக்காக இதையும் எழுதுகிறேன். மொரீஷியஸில் தமிழர்கள் நேற்றுப் போனவர்கள் இல்லை. பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலேயே, பதினெட்டாம் நூற்றாண்டில், புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தனார்களும் கைவினைஞர்களும் போயிருக்கிறார்கள். 1834க்குப் பிறகு ஆங்கிலேயர் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் தனி. இன்று வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. ஆனால் கோயிலைக் கோவில் என்றுதான் சொல்கிறார்களாம். காவடிக்கு எடுக்கும் பால் செம்பு ‘சம்போ’ ஆகிவிட்டது. ‘ஐயோ’ மட்டும் எந்தச் சேதாரமும் இல்லாமல் எல்லார் வாயிலும் இருக்கிறது என்று ஐயா சொன்னபோது வகுப்பே சிரித்தது.

அந்த நாட்டு ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடி தமிழ் எழுத்து இருக்கிறது. 1998இல் புது நோட்டு அடித்தபோது தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். அங்குள்ள தமிழர்கள் விடவில்லை. நோட்டையே திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அடித்தார்கள். ஐயா ஒரு நோட்டைப் படம் பிடித்து அனுப்ப, பிள்ளைகள் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். வீட்டில் தமிழ் பேசாதவர்கள் ஒரு வரி எழுத்துக்காக இப்படி நின்றிருக்கிறார்கள். நம் மன்றத்தில் சுற்றறிக்கையைத் தமிழில் தட்டச்சு செய்து தாருங்கள் என்றால் ஆள் இல்லை.

தலைநகர் போர்ட் லூயியில் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. அங்கே அதைக் கைலாசம் என்றும் சொல்வார்கள். போய்ச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை குடும்பமாக அங்கே போய்விட்டு, ‘அம்மா, நம்ம ஆத்தாளும் சொக்கரும் இங்கேயும் இருக்காங்க’ என்று ஐயா போனில் சொன்னார். பாட்டியம்மா கேட்ட கேள்வி: ‘அங்கேயும் மொதல்ல ஆத்தாளைத்தானே கும்பிடுறாக?’ பதிலுக்கு மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

பூசை வேளைகளில் பஞ்சபுராணம் என்னும் ஐந்து திருமுறைப் பாடல்களை ஓதுவது, சனிக்கிழமை பிள்ளைகளுக்கு வகுப்பு, இவைதான் அவர் வேலை. பிள்ளைகள் தேவாரத்தைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். ‘ழ’ வரவில்லை என்று ஐயா வருத்தப்பட்டார். நம் ஊரில் வாழைப்பழம் என்ன பாடுபடுகிறது என்று நமக்குத் தெரியாதா, விடுங்கள் என்றேன். அவர் வீட்டம்மா விடிவதற்குள் சாமிக்கு மாலை கட்டி, சாயங்காலம் பெண் பிள்ளைகளுக்குக் கோலமும் பாட்டும் சொல்லிக்கொடுக்கிறார். சம்பளம் ஒருவருக்கு, வேலை இருவருக்கு. அதை அந்த அம்மா ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை, நானாகத்தான் எழுதுகிறேன். மூத்த பெண் பள்ளியில் பிரெஞ்சு படிக்கிறாள். சின்னவன் கிரியோலில் சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டான்.

இந்தப் பொங்கலன்று, ஜனவரி 15ஆம் தேதி, பெலால் என்ற புயல் மொரீஷியஸைத் தாக்கியது. போர்ட் லூயித் தெருக்களில் கார்கள் மிதந்ததை டிவியில் காட்டினார்கள். இங்கே பானை பொங்கிக்கொண்டிருக்கிறது, ஐயா போன் எடுக்கவில்லை. பாட்டியம்மா வீட்டு டிவி கேபிளை நானே பிடுங்கிவிட்டு, பழுதாகிவிட்டது என்று பொய் சொன்னேன். நல்ல நாளில் பொய். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பொங்கலை ஒரு வாய்கூடத் தொடாமல் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பேத்தி கூப்பிட்டாள்: வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, கரண்ட் இல்லை, ஊரடங்கு போட்டிருக்கிறார்கள், அப்பா இருட்டில் உட்கார்ந்து பதிகம் பாடுகிறார். அதன் பிறகுதான் அந்த அம்மா ஆறிப்போன பொங்கலைச் சாப்பிட்டார். ‘கேபிளை மாட்டிவிட்டுப் போப்பா’ என்றார். தெரிந்தேதான் இருந்திருக்கிறார்.

பத்து நாள் கழித்துத் தைப்பூசம். அங்கே அது அரசு விடுமுறை. சின்னவன் பால் செம்பு எடுத்த வீடியோ வந்தது. நான் அதைத் தெப்பக்குளக் கரையில் தெப்பக் கூட்டத்துக்கு நடுவே நின்று பார்த்தேன். சத்தம் கேட்கவில்லை, படம் மட்டும்.

இனி ஞாயிறு வகுப்பு. ஐயா போனதும் வகுப்பை மூடிவிடலாம் என்றுதான் பெரும்பாலோர் சொன்னீர்கள். நான் மூடவில்லை. நம் ஊரில் மாலை ஐந்தரை என்றால் அங்கே நான்கு மணி. என் வீட்டு டிவியை ஆட்டோவில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுபோய், பிளாஸ்டிக் நாற்காலியில் சாத்தி, போனோடு இணைத்தேன். முதல் வாரம் படம் வந்தது, குரல் வரவில்லை. இரண்டாம் வாரம் குரல் வந்தது, ஆனால் சேர்ந்து பாட முடியவில்லை. ஐயா தட்டும் தாளம் இங்கே வந்து சேர ஒரு நொடி ஆகிறது; நம் பிள்ளைகள் பாடுவது அங்கே போக இன்னொரு நொடி. இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு ஓடினோம். அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர் ஒரு அடி பாடி நிறுத்த வேண்டும், நான் போனின் மைக்கை அணைக்க வேண்டும், பிள்ளைகள் அவருக்குக் கேட்காமல் இரண்டு முறை பாட வேண்டும், மூன்றாம் முறை மைக்கைத் திறக்க வேண்டும். இப்படி ஒன்பது மாதத்தில் நான்கு பதிகங்கள் முழுதாகப் பாடமாகியிருக்கின்றன. டிவியில் தேவாரமா என்று கேட்டவர் பேரன்தான் அதில் மூன்றை மனப்பாடமாகச் சொல்கிறான்.

தொடக்கத்தில் இருபத்துமூன்று பிள்ளைகள். பிப்ரவரியில் ஆறு. டியூஷன் என்கிறார்கள். கிரிக்கெட் என்கிறார்கள். இணையச் செலவு எவ்வளவு, யார் கட்டுகிறார்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போது அந்த ஒருமனதுக்கு வருகிறேன். முறைவைத்துப் போவதற்காக ஒரு நோட்டு போட்டு, பாட்டியம்மா வீட்டுக் காலண்டர் ஆணியில் மாட்டினேன். பதினான்கு பேர் பெயர் கொடுத்தீர்கள். ஜூலை முதல் மார்ச் வரை அதில் கையெழுத்துப் போட்டவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரில் இரண்டு பேர் ஒரே வீடு, அது என் வீடு. ரேஷன், மாத்திரை, மாதம் ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்க ஆட்டோ எல்லாம் நானும் என் மனைவியும்தான் பெரும்பாலும். பாட்டியம்மா யாரையும் குறை சொல்வதில்லை. வருகிறவர்களுக்குக் காபி போடாமல் அனுப்ப மாட்டார். போன மாதம் கால் கிலோ காபித்தூள் வாங்கிப் போனபோது டப்பாவைத் திறந்து காட்டி, ‘போன தடவை வாங்கினதே பாதி இருக்குதுப்பா’ என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. தீர்மானப் புத்தகத்தை விட அந்த டப்பா கணக்கு சரியாக இருந்தது.

சந்தா. உறுப்பினர்கள் எண்பத்தாறு பேர், ஆண்டுச் சந்தா முந்நூறு ரூபாய். கட்டியவர்கள் முப்பத்தொன்று. நினைவூட்டல் அனுப்பினால் பலர் கைகூப்பும் படம் அனுப்புகிறார்கள். கைகூப்பலுக்கு ரசீது போடப் பொருளாளருக்குத் தெரியவில்லை. இரண்டு ஆண்டுப் பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொல்லியிருப்பதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது.

வரவு செலவைப் பொறுத்தவரை, பொருளாளர் மகன் வீட்டுக்குப் போயிருந்ததால் முழுக் கணக்கு அடுத்த கூட்டத்தில் வைக்கப்படும். பொதுவாகச் சொன்னால் வரவும் செலவும் ஏறக்குறைய சமம். செலவு கொஞ்சம் கூட. அந்தக் கொஞ்சத்தைக் கொடுத்தவர் தன் பெயர் வேண்டாம் என்கிறார். அவர்தான் இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறார்.

மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், பந்தல்காரருக்கும், சமையல் செய்தவருக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், செயற்குழுவினருக்கும், அழைப்பிதழ் அச்சிட்டுத் தந்தவருக்கும் நன்றி. மார்கழியில் என்னோடு நாள் தவறாமல் வந்த அந்த இரண்டு பேருக்கும் தனி நன்றி.

அடுத்த ஆண்டு. ஐயாவின் ஒப்பந்தம் 2025 ஜூனில் முடிகிறது. அங்கே இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். கடன் அடைந்துவிடும், பெண்ணின் படிப்பும் தடைப்படாது. போன வாரம் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: ‘அண்ணே, அம்மாவை எல்லாரும் பாத்துக்கிறாங்களா?’ எல்லாரும் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டேன். ஒரே வருடத்தில் அந்தக் குடும்பத்துக்கு இரண்டாவது பொய்.

வைகாசியில் பாட்டியம்மாவுக்குக் கண்புரை அறுவை. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வாரம் யாராவது ராத்திரி துணைக்குப் படுக்க வேண்டும், வேளைக்குச் சொட்டு மருந்து விட வேண்டும். அந்தச் சமயம் என் மகள் பிரசவத்துக்கு நாங்கள் கோயம்புத்தூரில் இருப்போம். செயலாளர் பொறுப்பும் எனக்கு ஆறாவது வருடம். யாராவது விருப்பம் தெரிவித்தால் சாவி, முத்திரை, டிவி எல்லாவற்றையும் இன்றே கொடுத்துவிடுகிறேன்.

புது நோட்டு ஒன்று கோடு போட்டு வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் எங்கள் பெயர். மற்ற ஐந்து நாளும், வைகாசியில் அந்த ஒரு வாரமும் காலியாக இருக்கின்றன. பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன். பொங்கலும் சுண்டலும் கூட்டம் முடிந்துதான். பந்திக்குப் போகிற வழி அந்த மேசையை ஒட்டித்தான்.

இப்படிக்கு,
செயலாளர்
மதுரை, 2024 ஏப்ரல்