துலாவும் இரண்டு வயரும்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகள்,

நேற்றிரவு நீ அழாக்குறையாகச் சொன்னதையே இன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். மேசையில் ஒழுங்காக வேலை செய்த சென்சர், 6 மீற்றர் வயர் போட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுபோனதும் பேசவில்லை. புரோகிராமையும் நாலு தரம் திருத்திவிட்டாய். இனி அதைத் தொடாதே, மகள். மேசையில் ஓடியதும் அதே புரோகிராம்தானே. வயரைப் பார்.

உன் சென்சரும், புரோகிராம் ஓடும் மைக்ரோகண்ட்ரோலர் ஐசியும் இரண்டு வயரில் பேசிக்கொள்ளும் இந்த ஐ-டூ-சி முறை எனக்குப் புதிதல்ல. 1980களின் தொடக்கத்தில் பிலிப்ஸ் அதை உருவாக்கியதே தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருக்கும் ஐசிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத்தான். சனல்களை நினைவில் வைத்திருக்கும் எட்டுக்கால் மெமரி ஐசியில் தரவு போகும் எஸ்டிஏ, தாளம் போடும் துடிப்புப் போகும் எஸ்சிஎல் என்று இரண்டு கால்கள் இருக்கும். கடையில் அவற்றை எத்தனை தரம் பற்றவைத்திருப்பேன்!

களுவாஞ்சிகுடியில் அம்மப்பாவின் வளவில் இருந்த துலாக்கிணறு ஞாபகம் இருக்கிறதா? கீழே இழுப்பது மட்டும்தான் எங்கள் வேலை. கையைத் தளர்த்தினால், பின்பக்கம் கட்டிய பாரம் வாளியை மேலே கொண்டுவரும். இந்த இரண்டு வயரும் அப்படித்தான். மைக்ரோகண்ட்ரோலரும் சரி, சென்சரும் சரி, வயரை 0 வோல்ட்டுக்கு இழுக்கும், இல்லையென்றால் விட்டுவிடும். எதுவும் மேலே தள்ளாது. மேலே தூக்குவது 3.3 வோல்ட்டோடு இணைத்த புல்-அப் றெசிஸ்ரர். துலாவின் பாரம் அதுதான்.

பேச்சுத் தொடங்குவதும் ஒரு இழுப்பில்தான். எஸ்சிஎல் மேலே நிற்கும்போது மைக்ரோகண்ட்ரோலர் எஸ்டிஏயைக் கீழே இழுத்தால், எல்லா ஐசிகளும் காது கொடுக்கும். பிறகு எஸ்சிஎல்லின் துடிப்புக்கு ஒரு பிட்டாக, ஏழு பிட்டில் முகவரி. எட்டாவது பிட், எழுதவா வாசிக்கவா என்பதைச் சொல்லும். ஒன்பதாவது துடிப்பில் மைக்ரோகண்ட்ரோலர் எஸ்டிஏயை விட்டுவிட்டுக் காத்திருக்கும். அந்த முகவரிக்குரிய சென்சர் அதைக் கீழே இழுத்தால் ‘இருக்கிறேன்’ என்று அர்த்தம். உனக்குக் கிடைக்காதது அந்த ஒரு இழுப்பு.

ஏன் கிடைக்கவில்லை? வயர் நீளும்போது அதன் கொள்ளளவம், அதாவது மின்னேற்றத்தைப் பிடித்துவைக்கும் அளவு, கூடும். மீற்றருக்கு 50 முதல் 100 பிக்கோபரட் என்று வை. 6 மீற்றருக்கு 300 முதல் 600. ஐ-டூ-சிக்குச் சொல்லப்பட்ட எல்லை 400. உன் சென்சர் பலகையில் இருக்கும் புல்-அப்போ 10 கிலோ ஓம். ஓம் கூடினால் பாரம் குறையும். வாளி பெரிது, பாரம் சின்னக் கல். வயர் மேலே வர 4 மைக்ரோசெக்கன் அளவில் எடுக்கும். நீ வைத்திருக்கும் 400 கிலோஹேர்ட்ஸில் ஒரு முழுத் துடிப்புக்கே 2.5 மைக்ரோசெக்கன்தான். வாளி மேலே வருமுன்னே திரும்ப இழுக்கிறாய். சென்சருக்கு நீ அனுப்பும் முகவரியே விளங்கியிராது.

முதலில் புரோகிராமில் அந்த ஒரு எண்ணை மட்டும் மாற்றி வேகத்தை 100 கிலோஹேர்ட்ஸாகக் குறை. பிறகு இரண்டு வயருக்கும் ஒவ்வொரு 2.2 கிலோ ஓம் போடு. பலகையில் இருப்பதோடு சேர்ந்து ஒரு வயருக்கு மொத்தம் 1 கிலோ ஓமுக்குக் கீழே போகவிடாதே. பாரம் மிஞ்சினால் ஐசியால் கீழே இழுக்க முடியாது. உண்மையில், பலகைக்குள் பேசப் பிறந்த முறையைத் தோட்டம் வரைக்கும் இழுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. முடிந்தால் சென்சருக்குப் பக்கத்திலேயே இன்னொரு மைக்ரோகண்ட்ரோலர் வை.

ஒன்று சொல்ல மறந்தேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடைக்கு ஒரு ரீவி வந்தது. சிவப்பு லைற் மட்டும் எரியும், படம் வராது. மெமரி ஐசிதான் பழுதென்று இரண்டு தரம் மாற்றினேன். இரண்டு நாள் போனது. கடைசியில் எஸ்டிஏயில் மீற்றர் வைத்தால் 0 வோல்ட்! சனலைப் பிடிக்கும் பகுதியான ரியூனர் பழுதாகி, அதைக் கீழே பிடித்துக்கொண்டிருந்தது. ஒருவன் கயிற்றை விடாவிட்டால் மற்றவர்கள் யாரும் தண்ணீர் அள்ள முடியாது. ரியூனரின் காலைக் கழற்றியதும் வயர் மேலே வந்தது.

ஆகவே, எதையும் மாற்றுமுன் பேச்சில்லாத நேரத்தில் இரண்டு வயரையும் மல்ரிமீற்றரால் அளந்து பார். இரண்டிலும் 3.3 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். என்ன காட்டுகிறது என்று நாளைக்கே எழுது, தோட்டத்து முனையில் அளந்ததையும் சேர்த்து.

அம்மா கேட்கிறாள், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று. அதற்கும் பதில் எழுது.

அன்புடன்,
அப்பா