நீரிழிவும் பழங்களும்

ஆசிரியருக்கு,

கறுத்தக்கொழும்பான் மாம்பழம் சந்தைக்கு வரும் காலத்தில், நீரிழிவு உள்ளவர் பழத்தைத் தொடவே கூடாது என்ற அறிவுரை யாழ்ப்பாணத்து வீடுகளில் தவறாமல் ஒலிக்கிறது. அதே நோயாளிக்குப் பிட்டையும் சோற்றையும் தயக்கமின்றிப் பரிமாறுகிறோம் என்பது விந்தையே. 100 கிராம் மாம்பழச் சதையில் ஏறத்தாழ 15 கிராம் காபோவைதரேற்று (இரத்தச் சீனியை உயர்த்தும் சத்து) உண்டு. ஒரு கோப்பை வெள்ளைச் சோற்றிலோ அது ஏறத்தாழ 45 கிராம். ஆகவே சோற்றைச் சற்றுக் குறைத்து, அந்த இடத்தில் ஒரு துண்டு மாம்பழத்தை உண்டு, இரண்டு மணித்தியாலத்தின் பின் குளுக்கோமீற்றரில் இரத்தச் சீனியை அளந்து பார்த்தால், தமக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை அவரவரே அறிந்துகொள்ளலாம்.

தோலுடன் உண்ணும் கொய்யாப்பழத்தில் நார்ச்சத்து மிகுதி என்பதால் சீனி மெதுவாகவே ஏறும். பழச்சாறு அப்படியன்று: பல பழங்களின் சீனி ஒரே குவளையில் சேர, நார்ச்சத்து சக்கையோடு போய்விடுகிறது, போதாததற்கு நாம் மேலும் சீனி போடுகிறோம். இரத்தச் சீனி திடீரெனத் தாழ்ந்து நடுக்கமும் வியர்வையும் காணும்போது மட்டும் அரைக் குவளைச் சாறு உடனடி உதவியாகும்.

சிறுநீரகப் பாதிப்பும் உள்ளவர்கள், வாழைப்பழத்தில் பொட்டாசியம் அதிகம் என்பதால், மருத்துவரிடம் கேட்ட பின்னரே உண்ண வேண்டும். கிளினிக்குகளில் வெறுமனே ‘பழம் வேண்டாம்’ என்னாது, இந்த அளவுகளைத் தமிழில் அச்சிட்டு நோயாளர் கையில் கொடுக்குமாறு சுகாதாரத் துறையினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.