‘ஜோடி’ என்று விற்கும் மீன்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூரிலும் காட்பாடியிலும் நான் போய்வந்த வண்ண மீன் கடைகளில் எந்த மீனைக் காட்டினாலும் ‘ஜோடி’ என்றே விலை சொல்கிறார்கள். ஆண், பெண் பார்த்தாலே தெரியும் கப்பி, மோலி போன்ற மீன்களுக்கு அது பொருந்தும். ஐந்து ரூபாய் நாணயம் அளவே வளர்ந்த ஏஞ்சல் குஞ்சுகள் இரண்டைப் பையில் பிடித்துப் போட்டு, ஒன்று ஆண், ஒன்று பெண் என்று கொடுப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

அப்படி வாங்கிய இரண்டும் எங்கள் வீட்டுத் தொட்டியில் பத்து மாதம் வளர்ந்து, வடிகட்டியின் குழாயை மாறி மாறி வாயால் சுத்தம் செய்து, அதன்மேல் வரிசையாக முட்டையும் இட்டன. மூன்றாம் நாளே அத்தனை முட்டைகளும் பால்போல் வெளுத்துப் பூஞ்சை பிடித்தன. நான்காம் முறையும் இப்படி ஆன பிறகுதான் கண்ணாடியோடு முகம் வைத்துப் பார்த்தேன். முட்டையிடும் சமயத்தில் வயிற்றடியில் நீளும் சிறு குழாய் ஆணுக்கு மெலிந்து கூராகவும், பெண்ணுக்குத் தடித்து முனை மழுங்கியும் இருக்கும். எங்கள் மீன்கள் இரண்டுக்குமே தடித்திருந்தது. ஆண் இல்லாத இடத்தில் இரண்டு பெண் ஏஞ்சல்கள் இணைபோல் சேர்ந்து முட்டையிடுவது உண்டு. (என் மனைவிக்கு முதல் முறையே சந்தேகம் வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

தங்கமீன் விஷயத்தில் அறியாமை இன்னும் கெடுதல் செய்கிறது. பருவமடைந்த ஆண் தங்கமீனுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன்விளிம்பிலும் ரவை ஒட்டியதுபோல் வெண்மணிகள் தோன்றும். பக்கத்து வீட்டுச் சிறுவன் இதைச் சொல்லிக் கேட்டபோது, கடையில் வெண்புள்ளி நோய் என்று மருந்து கொடுத்தனுப்பினார்கள். நோயின் புள்ளிகள் உடல், வால் என்று கண்டபடி பரவும், மீனும் அரிப்பில் கல்லில் உரசும். இந்த மீனோ நன்றாகத் தின்றுகொண்டு பெண்மீனைத் துரத்திக்கொண்டிருந்தது.

கப்பியில் குழப்பமே இல்லை. ஆண் சிறியது, நிறமும் வாலும் அதற்கே. அதன் குதத்துடுப்பு குச்சிபோல் நீண்டிருக்கும். பெண்ணுக்கு அதே துடுப்பு விசிறிபோல் விரிந்து, அதையொட்டி வயிற்றில் கருமையான திட்டு தெரியும். ஆனால் பெண் கப்பி விந்தணுவை மாதக்கணக்கில் உடலில் சேமித்து வைப்பதால், பெண்ணை மட்டும் வாங்கிப் போனாலும் குஞ்சுகள் வந்துகொண்டே இருக்கும். குஞ்சு வேண்டாம் என்பவருக்கு ஆண்களை மட்டும் தாருங்கள் என்று கடைக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏஞ்சல் கேட்பவரிடம், ஆறு குஞ்சுகளாக வாங்கி வளர்த்துத் தாமாக இணை சேர விடுங்கள் என்று உண்மையைச் சொல்லலாம். அதில் விற்பனையும் குறையாது. ஜோடி விலையை, ஒருமுறையாவது முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த மீன்களுக்கு மட்டும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காட்பாடி.