மிஞ்சிய பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாடல் கிட்டில் (பாகங்களை ஒட்டிச் சிறு மாதிரி செய்யும் பெட்டியில்) மிஞ்சும் பாகங்களை யாரும் குப்பையில் போடாதீர்கள். 1/72 அளவு (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) எம்ஐ-8 ஹெலிகாப்டர் கிட் ஒன்றை, அதே குடும்பத்து எம்ஐ-17 ஹெலிகாப்டராக மாற்றினேன். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் எம்ஐ-8க்கு வால் விசிறி வலப்பக்கம், எம்ஐ-17க்கு இடப்பக்கம், அதனால் பழைய துளையைப் புட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் வழவழவென்று தேய்த்து, மறுபக்கம் புதிதாகத் துளை போட்டேன். அப்புறம் எஞ்சின் முகப்பு. எம்ஐ-24 என்ற இன்னொரு ஹெலிகாப்டர் கிட்டில் மிஞ்சிக் கிடந்த உருண்டைத் தூசி வடிகட்டிகள் இரண்டும், பின்புறம் லேசாகத் தேய்த்ததும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டன. நிஜத்திலும் எம்ஐ-17, எம்ஐ-24 இரண்டுக்கும் டிவி3-117 என்ற ஒரே எஞ்சின் குடும்பம்தானே! உங்கள் சிறுவர் பக்கத்தில் இந்த மாதிரி மாற்று வேலைகளைப் படத்தோடு போடுங்கள், பிள்ளைகள் கட்டாயம் செய்து பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்