‘கலா’வைக் கேட்டவர்களும் கேளாதவர்களும்

இணுவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் நண்பருக்கு,

நலம், நலமறிய ஆவல். உமது கடிதம் சென்ற கிழமை வந்து சேர்ந்தது. மகள் பல்கலைக்கழகத்தில் ஹிப் ஹொப் பாடகி எம்.ஐ.ஏ.யின் ‘கலா’ அல்பம் பற்றிக் கட்டுரை எழுதுகிறாள் என்றும், ஊரில் இருந்து அதைக் கேட்பவனுக்கு அது எப்படிப்படுகிறது என்று என்னிடம் கேட்டு எழுதும்படி சொன்னாள் என்றும் எழுதியிருந்தீர். அவள் கேட்டது நல்ல நேரத்தில்தான். தங்கச்சியின் மகன் தன் சிநேகிதருடன் கொக்குவிலில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தமிழில் ஒரு ஹிப் ஹொப் அல்பம் பதிவு செய்துகொண்டிருக்கிறான். அவனுக்காக இந்த இரண்டு மாதமாக நானும் ‘கலா’வைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆகையால் இந்தக் கடிதம் நீண்டால் பொறுத்துக்கொள்ளும்.

எம்.ஐ.ஏ. என்ற மாயா அருள்பிரகாசத்தின் கதை உமக்குத் தெரியும். மகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1975இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, 1986இல் தாயுடனும் சகோதரங்களுடனும் அகதியாக மறுபடியும் லண்டன் போய்ச் சேர்ந்தவர். எங்கள் வயதினருக்கு முதலில் தெரிந்தது அவரது தகப்பனைத்தான்: ஈரோஸ் என்ற ஈழப் போராட்ட இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், ‘லங்கா ராணி’ நாவலை எழுதிய அருளர். 2005இல் மாயா தன் முதல் அல்பத்துக்கு அந்தப் பெயரையே வைத்தார். 2007இல் வந்த இரண்டாவதுக்குத் தாயின் பெயர். தகப்பன் பெயரில் வந்தது ஆணின் குரல் கொண்டது, தாய் பெயரில் வந்தது பெண்ணின் பாடு பற்றியது என்ற பொருளில் அவரே பேசியிருக்கிறார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடல் கடந்து, தையல் வேலை செய்து வளர்த்த ஒரு யாழ்ப்பாணத் தாயின் பெயர் அமெரிக்கச் சஞ்சிகைகளின் ஆண்டிறுதிப் பட்டியல்களில் அச்சானதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது.

இந்த அல்பம் உருவான விதம்தான் எனக்கு முக்கியமானது. அமெரிக்கா போய், அக்காலத்தில் கொடிகட்டிப் பறந்த டிம்பலண்ட் என்ற தயாரிப்பாளருடன் சேர்ந்து செய்வதாகத்தான் திட்டம் இருந்தது. 2006இல் மாயாவுக்கு அமெரிக்க விசா கிடைக்காமல் போனது. அப்படியானால் போகக்கூடிய இடங்களில் எல்லாம் பதிவு செய்வோம் என்று புறப்பட்டு, இந்தியா, திரினிடாட், ஜமேக்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா, ஜப்பான் என்று அலைந்திருக்கிறார். பெரும்பகுதியில் கூடவே நின்று உழைத்தவர் லண்டன்காரரான சுவிட்ச் என்ற தயாரிப்பாளர். கடைசியில் டிம்பலண்டுடன் செய்த ஒரு பாட்டும் அல்பத்தின் முடிவில் வருகிறது. என் காதுக்கு முழு அல்பத்திலும் வலுவற்றது அதுதான். முதலில் போட்ட திட்டப்படி நடந்திருந்தால் முழுவதும் அந்தப் பாட்டைப் போலவே இருந்திருக்கும் என்று எண்ணுகிறேன். கடவுச்சீட்டின் பெறுமதியைக் கொண்டே மனிதன் நிறுக்கப்படுவதை நாங்கள் எல்லோரும் அனுபவித்தவர்கள். அந்த மறுப்பிலிருந்து ஒருவர் இப்படியொரு இசையை எடுத்தது சாதாரண காரியம் அல்ல.

சென்னையில் ஏ.ஆர். ரஹ்மானின் ஒலிப்பதிவுக்கூடத்தில், 20க்கும் மேற்பட்ட மேளகாரரை நிறுத்தி மாயா பதிவு செய்த உறுமி மேளம்தான் அல்பத்தின் உயிர். ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பொய்ஸ்’ என்ற இரண்டு பாட்டுக்களையும் நல்ல ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்கும்படி மகளிடம் சொல்லும். உறுமியின் ஒரு முகத்தை நீண்ட குச்சியால் அடிப்பார்கள். மற்ற முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில் எழும் முனகல்தான் அந்த வாத்தியத்துக்குப் பெயரையே கொடுத்தது. சாதாரணமாக ஹிப் ஹொப்பில் அடியில் ஓடும் பேஸ் ஓரிடத்தில் நின்று அதிரும். இங்கே அந்த இடத்தில் உறுமி தோலோடு தோலாக இழுபட்டு, சுருதி ஏறியும் இறங்கியும் அசைகிறது. அதனால் தாளம் ஒருபோதும் ஓய்ந்து அமர்வதில்லை. அதற்கு மேல் குழந்தைகளின் கூச்சலும் கோழிகளின் சத்தமும் வந்து விழ, நடுவில் அவரது குரல் சற்றும் அவசரப்படாமல் போகிறது. ‘பேர்ட் ஃப்ளூ’வில் 2003இல் வந்த ‘ஜெயம்’ படப் பாட்டொன்றின் துண்டும் கலந்திருக்கிறது. திருவிழா வீதியில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நெரிசலுக்குள் நின்றவனுக்கு அந்தப் பாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதிலே வெளிநாட்டு விமர்சகருக்கு எட்டாத ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கத்தில் தவில் கோயிலுக்குள் நின்றது; தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் பெயரைச் சொல்லி நாங்கள் பெருமைப்படுகிறோம். பறை வெளிவீதியிலும் செத்த வீட்டிலும் நிறுத்தப்பட்டது. அதை அடித்தவர்கள் எந்தப் படியில் வைக்கப்பட்டார்கள் என்பதும், பல ஊர்களில் அந்த அடிமைச் சேவகம் வேண்டாம் என்று அவர்களே மேளத்தைக் கீழே வைத்தார்கள் என்பதும் உமக்குத் தெரியும். உறுமி எங்கள் ஊரின் வாத்தியம் அல்ல, தமிழ்நாட்டினதும் மலையகத்தினதும். ஆனாலும் அதுவும் அதே வரிசையில் நிறுத்தப்பட்ட மேளம்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளையொருத்தி சென்னைக்குப் போய், அங்கே மிருதங்கத்தையோ வீணையையோ தேடாமல், இந்த மேளத்தை எடுத்துத் தன் அல்பத்தின் நடுவில் வைத்திருக்கிறார். சங்கீத சபைகளின் நிழலில் வளர்ந்த எனக்கு, அது ஒரு பெரிய தெரிவாகவே படுகிறது. இதை எழுதிய ஒரு விமர்சனத்தையும் நான் இதுவரை வாசிக்கவில்லை.

முதல் பாட்டான ‘பாம்பூ பாங்கா’வில் இன்னொன்று. தொடக்க வரிகள் பொஸ்ரன் நகரத்து ரொக் பாட்டொன்றைத் தழுவியவை. அதற்கு அடியில் இளையராஜாவின் ‘காட்டுக்குயிலு’, ‘தளபதி’ படத்தில் எஸ்.பி.பி.யும் யேசுதாசும் பாடியது, துண்டு துண்டாக எழும்புகிறது. அந்தக் காலம் நினைவிருக்கிறதா? மின்சாரம் நின்று போயிருந்த யாழ்ப்பாணத்தில், ஸ்ராண்டில் நிறுத்திய சைக்கிளின் பெடலை நீர் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து இழுத்த வயரில் கசற் ஓடும். உமக்குக் கை சோர்ந்தால் யேசுதாசின் குரல் கனத்து இழுபடும். நாங்கள் சத்தம் போட, மறுபடியும் வேகம் பிடித்துச் சுருதிக்கு வரும். ஊரை விட்டுப் போய் அப்போதே ஐந்தாறு வருடமாகியிருந்த ஒரு பிள்ளை அதே பாட்டை லண்டனில் எந்த வீட்டில், எந்தக் கொண்டாட்டத்தில் கேட்டதோ! ஹிப் ஹொப் இப்படிப் பழைய ஒலியை வெட்டி எடுத்து ஒட்டும் கலை என்பதால், அதைக் கேட்பவனின் பழைய ஒலிகளும் சேர்ந்தே விழித்துக்கொள்கின்றன. அமெரிக்காவில் அந்த ரொக் பாட்டுடன் வளர்ந்தவனுக்கு மேலே ஓடும் வரி விளங்கும். எங்களுக்குக் கீழே ஓடுவது விளங்கும்.

விமர்சகர்களின் வரவேற்புக்குக் குறைவில்லை. ரோலிங் ஸ்ரோன் சஞ்சிகை 2007ஆம் ஆண்டின் சிறந்த அல்பமாக அதைத் தெரிந்தெடுத்தது. விமர்சனப் புள்ளிகளைத் தொகுக்கும் மெற்றாகிரிற்றிக் தளத்தில் சராசரி 100க்கு 87. விற்பனையில் அந்த அளவுக்கு ஏறவில்லை: அமெரிக்கப் பட்டியலில் 18ஆம் இடம், பிரித்தானியாவில் 39. ஆனால் அந்தப் பாராட்டுக்களை வாசிக்கும்போது எனக்கு மனம் முழுதாக ஒப்பவில்லை. ஏழை நாடுகளின் இரைச்சல் எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்து நடனமேடையில் இறங்கிவிட்டது என்ற தொனியில்தான் பலரும் எழுதினார்கள். உறுமி எந்த ஊரினது, அவுஸ்திரேலிய ஆதிவாசிச் சிறுவர்களான வில்கானியா மொப் குழுவின் ராப் எந்த ஆற்றங்கரையினது என்று பிரித்துக் கேட்டவர்கள் குறைவு. இன்னொரு அநியாயமும் நடந்தது. முதல் அல்பத்தில் ஒரேயொரு பாட்டைத்தான் டிப்லோ என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர் தயாரித்தார். அப்படியிருந்தும் அவர்தான் பின்னால் நின்று எல்லாவற்றையும் செய்தவர் என்ற கதை பரவியது. 2007இல் பிட்ச்ஃபோர்க் என்ற இசை இணையத்தளத்துக்கு அளித்த செவ்வியில் மாயா அதை வெளிப்படையாக மறுத்தார். இரவல் வாங்கிய ரோலண்ட் எம்.சி.-505 கருவி ஒன்றை வைத்துக்கொண்டு தானே தாளம் கட்டிப் பழகிய ஒரு பெண்ணுக்கு, அது தன் வேலைதான் என்று சொல்லி நிரூபிக்க வேண்டியிருந்தது. மகள் தன் கட்டுரையில் இதை விட்டுவிடக் கூடாது.

‘பேப்பர் பிளேன்ஸ்’ பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். த கிளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து எடுத்த மெட்டு. பல்லவியில் துவக்குச் சத்தமும் காசுப்பெட்டி திறக்கும் சத்தமும். தொலைக்காட்சியில் அந்தத் துவக்குச் சத்தத்தை மாற்றிப் போட்டார்கள். பிறகு 2008இல் அமெரிக்காவின் பில்போர்ட் பாட்டுப் பட்டியலில் 4ஆம் இடம், கிராமி பரிந்துரை. அது ஏஜென்சிக்குக் காசு கட்டி, வேறு பெயரில் பாஸ்போட் எடுத்துப் போன எங்கள் சனத்தின் பாட்டு. குடியேறி வருபவனைக் கள்ளனாகவும் கொலைகாரனாகவும் பார்க்கும் கண்ணுக்கு அந்தப் படத்தையே திருப்பிக் காட்டுகிறார். உமது தெருவில் இருக்கும் பாதிப்பேர் அதை ஒரு தரம் கேட்டாலே விளங்கிக்கொள்வார்கள்.

அல்பம் வந்தபோது இங்கே யாரும் கேட்கவில்லை. 2006 ஓகஸ்ற்றில் யாழ்ப்பாணத்தைத் தெற்குடன் இணைக்கும் ஏ-9 பாதை மூடப்பட்டு, ஊரடங்கும் தட்டுப்பாடுமாக நாங்கள் கிடந்த காலம் அது. பிந்திக் கேட்டபோதும், எங்கள் ஆட்கள் இரண்டாகப் பிரிந்து நின்றதையே கண்டேன். ஒரு பகுதிக்கு அவர் தமிழினத்தின் குரல், ஆகையால் பாட்டைக் கேட்டுப் பார்க்க வேண்டியதில்லை; மற்றப் பகுதிக்கு அவர் உடுப்பும் ஆட்டமும் சரியில்லாத ஒருத்தி, ஆகையால் கேட்கவே வேண்டியதில்லை. கேட்டு, இந்தப் பாட்டு ஏன் நன்றாக இருக்கிறது, அந்தப் பாட்டு ஏன் சறுக்குகிறது என்று தமிழில் எழுத ஆள் இல்லை. எனக்கும் குறை சொல்ல இருக்கிறது. ‘ஜிம்மி’ பழைய இந்திப் படப் பாட்டை அப்படியே திருப்பிப் பாடுவதற்கு மேல் அதிகம் போகவில்லை. அரசியல் பல இடங்களில் ஒரு வரியில் மின்னிவிட்டு மறைகிறது. நின்று பேசினால் இன்னும் ஆழம் கிடைத்திருக்கும். ஆனால் இந்தக் குறையைச் சொல்லும் உரிமையே உற்றுக் கேட்டவனுக்குத்தான் உண்டு.

மருமகனின் அறைக்கு வருவோம். சுவரில் பஞ்சு மெத்தை, ஒரு மைக், ஒரு மடிக்கணினி. எட்டுப் பாட்டு முடிந்துவிட்டது. இணையத்தில் விலைக்கு வாங்கிய பீற்றுக்கு மேலே, கடன் பற்றியும், வெளிநாடு போகச் சொல்லி அரிக்கும் வீடு பற்றியும் நல்ல தமிழில் ராப் சொல்கிறார்கள். சொல் எங்களுடையது, அடி எவருடையதோ என்று நான் சொன்னேன். முதலில் முகம் சுருங்கினார்கள். பிறகு ‘பேர்ட் ஃப்ளூ’வைப் போட்டுக் காட்டினேன். போன ஞாயிறு பறைமேளக் கலைஞர்கள் நான்கு பேரை அழைத்துப் பதிவு செய்தார்கள். அறை கொள்ளவில்லை, முற்றத்துக்கு மைக்கைக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. மூத்தவரின் கைக்கு இவர்களுடைய கணினித் தாளம் ஒத்துவராமல், கடைசியில் கணினியை நிறுத்திவிட்டு அவரது நடையிலேயே ராப் சொன்னார்கள். அந்தப் பதிவுதான் இப்போது அல்பத்தின் முதல் பாட்டு. அந்த நால்வரின் பெயரும் இறுவட்டின் உறையில் வர வேண்டும், கூலியும் ஒழுங்காகக் கொடுபட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

அல்பம் வெளியானதும் நண்பர்கள் எல்லோரும் “சூப்பர்” என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அவனுக்கு அது போதாது. ஒன்பது பாட்டையும் இந்தக் கிழமைக்குள் அனுப்பி வைக்கிறேன். நீரும் மகளும் இருந்து கேட்டு, எது நிற்கிறது, எது விழுகிறது என்று முகம் பாராமல், பாட்டுக்குப் பாட்டு எழுதி அனுப்புங்கள். மகள் ஆங்கிலத்தில் எழுதினால் நான் தமிழாக்கி அவனிடம் கொடுப்பேன். அவளது ‘கலா’ கட்டுரையின் பிரதியையும் மறக்காமல் சேர்த்து அனுப்பச் சொல்லும்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உமது பழைய நண்பன்.