உன் கிரேடில் வழிகாட்டி வரைவு பற்றி

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். பண்டிதர் உன்னை விசாரித்தார், அந்தப் பழைய பாக்கியை இன்னும் மறக்கவில்லையாம். பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கிரேடில் (ஜாவா புரோகிராம்களைக் கட்டித் தரும் பில்ட் டூல்) பற்றி நீ அனுப்பிய வழிகாட்டி வரைவை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிக்காமல் எழுதக்கூடாது என்று வைத்திருந்தேன்.

முதலில் பாராட்டு. "செய்யப்பட வேண்டும்", "உறுதிப்படுத்திக்கொள்ளப்பட வேண்டும்" எல்லாம் "செய்", "பார்" என்று ஆகிவிட்டன. காற்புள்ளிக்காகக் கல்லூரியிலேயே சண்டை போட்ட ஆள் நீ, அந்தப் பிடிவாதம் இங்கே நன்றாக வேலை செய்திருக்கிறது. ஆனால் கோடு (புரோகிராம் வரிகள்) இருக்கும் பெட்டிகளில் ஒன்றைக்கூடத் தொடவில்லையேடா! கிரேடில் 4 காலத்து உதாரணங்கள் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. பில்ட் டூல் வழிகாட்டியை யாரும் கதை படிப்பதுபோலப் படிப்பதில்லை. நேராகப் பெட்டிக்குப் போய், காப்பி எடுத்து, தன் ஃபைலில் ஒட்டி, ஓட்டிப் பார்ப்பார்கள். ஓடாவிட்டால்தான் மேலே இருக்கும் பத்தி கண்ணில் படும். நீ உழைத்ததெல்லாம் அந்தப் பத்திகளில்.

சத்தம்போட்டு உடையும் உதாரணங்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. டிபென்டென்சி (புராஜெக்ட் நம்பியிருக்கும் வெளி லைப்ரரி) பக்கத்தில் எல்லா இடத்திலும் "கம்பைல்" என்று இருக்கிறது. கிரேடில் 7.0-இல் அதை எடுத்தே விட்டார்கள். ஒட்டியவுடன் "கம்பைல் என்ற மெத்தட் இல்லை" என்று எரர் வரும், வாசகனும் உன்னைத் திட்டிவிட்டு வேறு இடத்தில் தேடுவான். ஆனால் திருத்தும்போது கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் "இம்ப்ளிமென்டேஷன்" என்று மாற்றிவிடாதே. லைப்ரரி எழுதுபவனுக்கு அது போதாது. ஒரு டிபென்டென்சியின் டைப் உன் பப்ளிக் மெத்தடின் அளவுருவிலோ, திருப்பித் தரும் மதிப்பிலோ, தாய் கிளாஸாகவோ வெளியே தெரிந்தால் அது "ஏபிஐ". மெத்தடுக்குள்ளேயே முடிந்துவிட்டால் "இம்ப்ளிமென்டேஷன்". "ஏபிஐ" என்று எழுத "ஜாவா-லைப்ரரி" பிளகின் வேண்டும். வெறும் "ஜாவா" பிளகினோடு எழுதினால் அந்த மெத்தடும் இல்லை என்றே சொல்லும். இந்தப் பிரிவினையால் என்ன லாபம் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடு: உள்ளே ஒளிந்திருக்கும் டிபென்டென்சி மாறும்போது, அந்த லைப்ரரியைப் பயன்படுத்தும் மற்ற புராஜெக்ட்களை மறுபடி கம்பைல் செய்யத் தேவை வராது.

லைப்ரரியை வெளியிட உதவிய "மேவன்" பிளகினும் அதே 7.0-இல் போய்விட்டது. "மேவன்-பப்ளிஷ்" வந்து பல வருடமாகிறது. நீ "இன்ஸ்டால்" என்று எழுதியிருக்கும் இடத்தில் "பப்ளிஷ் டு மேவன் லோக்கல்" என்று வரவேண்டும். லைப்ரரிகளின் பொதுக் கிடங்கான ஜேசென்டர் ரிப்பாசிட்டரியை மூடப்போவதாக 2021 பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டார்கள், அந்த வரிகளை மேவன் சென்ட்ரல் என்று மாற்று. ரிப்பாசிட்டரி முகவரிகளில் வெறும் எச்டிடிபி எங்கும் மிஞ்சக்கூடாது. மேவன் சென்ட்ரல் 2020 ஜனவரி 15 முதல் அதற்கு 501 என்று திருப்பியனுப்புகிறது, கிரேடில் 7-உம் தனியாக அனுமதி எழுதாவிட்டால் நின்றுவிடும்.

இதெல்லாம் அரைநாள் வேலை. என்னை உறுத்துவது ஒன்பதாம் பக்கம். லாக் ஃபோல்டரை அழிக்கும் டாஸ்க் ஒன்று கொடுத்திருக்கிறாய். பழைய வடிவத்தில் டாஸ்க் பெயருக்குப் பக்கத்தில் லெஃப்ட் ஷிஃப்ட் குறி (<<) போட்டு, அடைப்புக்குள் "டெலீட் லாக்ஸ்" என்று எழுதுவார்கள். அந்தக் குறி கிரேடில் 5.0-இல் நீக்கப்பட்டது. எரர் வந்த எவனும் அடுத்து என்ன செய்வான்? குறியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுவான். ஓடும். பச்சை காட்டும். லாக் ஃபோல்டரும் போயிருக்கும். சரியாகிவிட்டது என்று நம்பி அடுத்த வேலைக்குப் போய்விடுவான்.

நடந்தது வேறு. குறி இருந்தவரை அடைப்புக்குள் இருந்தது டாஸ்க் ஓடும் நேரத்து வேலை. குறி போனதும் அது கான்ஃபிகரேஷன் நேரத்து வேலை ஆகிவிட்டது. பில்ட் ஃபைலைக் கிரேடில் படிக்கும்போதே ஃபோல்டர் அழியும். டெஸ்ட் ஓட்டினாலும் அழியும், ஹெல்ப் கேட்டாலும் அழியும். "நிஜமாக ஓட்டாதே, என்ன செய்வாய் என்று மட்டும் சொல்" என்று டிரை-ரன் கொடுத்தாலும் அழியும், ஏனென்றால் டிரை-ரன் தவிர்ப்பது டாஸ்க்கின் ஆக்ஷன்களைத்தான், கான்ஃபிகரேஷனை இல்லை. லாக் என்பதால் யாருக்கும் தெரியாமல் போகலாம். ஆனால் இதே உதாரணத்தைப் பார்த்து ஒருவன் டேட்டா ஃபோல்டர் பெயரை எழுதினால்? வழிகாட்டியில் இருப்பதை நம்பித்தானே எழுதுவான். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே மாப்ளே.

சரியான வடிவம்: "டாஸ்க்ஸ்.ரெஜிஸ்டர்" என்று தொடங்கி, டைப்பாக "டெலீட்" என்பதைக் கொடுத்து, அடைப்புக்குள் அதே "டெலீட் லாக்ஸ்" வரியை எழுது. பார்வைக்கு வரி ஒன்றேதான். பழைய வடிவத்தில் இருப்பது புராஜெக்ட்டின் மெத்தட், கூப்பிட்டவுடன் அழிக்கும். புதியதில் இருப்பது டெலீட் டாஸ்க்கின் மெத்தட், அழிக்கவேண்டிய பட்டியலில் சேர்த்து வைக்கும், அழிப்பது டாஸ்க் ஓடும்போதுதான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கு. அந்த ஒரு பக்கத்திற்கு எவ்வளவு இடம் எடுத்தாலும் தகும். டைப் எதுவும் பொருந்தாத டாஸ்க் என்றால் "டூலாஸ்ட்" (டாஸ்க் ஓடும்போது மட்டும் நடக்கும் பகுதி) அடைப்புக்குள் எழுதச் சொல்.

இங்கிருந்துதான் நான் சொல்ல வந்த விஷயமே தொடங்குகிறது. பெட்டிக்குள் கையால் தட்டச்சு செய்த உதாரணம் ஒன்றுகூட இந்த வழிகாட்டியில் இருக்கக்கூடாது. ஒவ்வொரு உதாரணமும் தனி ஃபோல்டரில், நிஜமாக ஓடக்கூடிய குட்டி புராஜெக்ட்டாக இருக்கட்டும். நீ ஆஸ்கிடாக்கில் (ஆவணம் எழுதும் குறிமொழி) எழுதுவதால் பாதி வேலை மிச்சம். பில்ட் ஃபைலில் காட்டவேண்டிய வரிகளுக்கு மேலும் கீழும் கமென்ட்டாக டேக் போட்டு, பக்கத்தில் இன்க்ளூட் வரியால் அந்த டேக்கை மட்டும் இழுத்துக்கொள். ஃபைலில் திருத்தினால் பக்கமும் திருந்தும். டேக் பெயரை மாற்றிவிட்டால் அதைப் பக்கமாக மாற்றும் ஆஸ்கிடாக்டர் ஒரு வார்னிங்கோடு விட்டுவிடும், பக்கத்தில் வெறும் பெட்டி வந்து நிற்கும். "ஃபெயிலியர்-லெவல்" என்பதை "வார்ன்" என்று வைத்துவிடு, அப்போது பில்ட் அங்கேயே விழும்.

குட்டி புராஜெக்ட் ஒவ்வொன்றிலும் செட்டிங்ஸ் ஃபைல் கட்டாயம் இருக்கவேண்டும், ஒரே வரி இருந்தால்கூடப் போதும். இல்லாவிட்டால் கிரேடில் மேலே மேலே ஏறித் தேடும், பெரிய புராஜெக்ட்டின் செட்டிங்ஸைப் பிடித்துக்கொண்டு "இந்த ஃபோல்டர் இந்த பில்டில் சேர்ந்தது இல்லை" என்று அடம்பிடிக்கும்.

ஓட்டுவதற்கு, பில்டைச் சோதிக்கும் கிரேடிலின் டெஸ்ட்கிட் இருக்கிறது. கிரேடில் ரன்னருக்கு ஃபோல்டரைக் காட்டு, டாஸ்க் பெயரைக் கொடு, வரும் அவுட்புட்டைப் பக்கத்தில் நீ காட்டும் அவுட்புட்டோடு ஒப்பிடு. அதையும் கையால் எழுதாதே, அதுவும் ஒரு ஃபைலிலிருந்து இன்க்ளூட் ஆகட்டும். ஒப்பிடுவதற்கு முன்னால் மூன்றைச் சமப்படுத்திக்கொள்: கடைசி வரியில் வரும் விநாடிக் கணக்கு, மெஷினுக்கு மெஷின் மாறும் ஃபோல்டர் பாதை, விண்டோஸின் வரி முடிவுக் குறி. கன்சோலை "பிளெயின்" என்று வைத்தால் நிறக் குறிகளும் நகரும் முன்னேற்றப் பட்டைகளும் வராது.

பச்சை வந்தால் போதும் என்று நின்றுவிடாதே. ஒன்பதாம் பக்கம் பச்சையாகத்தான் ஓடும். அதற்கான டெஸ்ட் இப்படி இருக்கவேண்டும்: லாக் ஃபோல்டரில் ஒரு ஃபைலை வை, டாஸ்க்கை டிரை-ரன்னில் ஓட்டு, ஃபைல் இருக்கிறதா பார். பிறகு நிஜமாக ஓட்டு, போய்விட்டதா பார். முதல் சோதனைதான் அந்தத் திருட்டைப் பிடிக்கும். ஃபைல் உருவாக்கும் டாஸ்க் என்றால் இரண்டு தடவை ஓட்டி, இரண்டாவது தடவை "அப்-டு-டேட்" என்று வருகிறதா பார். வரவில்லை என்றால் உதாரணத்தில் இன்புட்டோ அவுட்புட்டோ சரியாகச் சொல்லப்படவில்லை, படிப்பவனும் அதே குறையோடு எழுதுவான். "வார்னிங்-மோட் ஃபெயில்" என்பதையும் சேர்த்துவிடு. அடுத்த பெரிய வெர்ஷனில் நீக்கப்போவதை உதாரணம் தொட்டால், நீக்கும் முன்பே உனக்குத் தெரிந்துவிடும். வெர்ஷன் எண்களைப் பக்கத்தில் நேராக எழுதாமல் அட்ரிபியூட்டாக (ஒரே இடத்தில் பெயரிட்டு வைக்கும் மதிப்பு) வை. ஆனால் கோடு பெட்டிக்குள் அட்ரிபியூட் தானாக மாறாது, அந்தப் பெட்டிக்கு "சப்ஸ்" பகுதியில் தனியாகச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் வளைவு அடைப்புக்குறியோடு அப்படியே வந்து நிற்கும்.

ராப்பர் (சொன்ன வெர்ஷன் கிரேடிலைத் தானே இறக்கி ஓட்டும் ஸ்கிரிப்ட்) பக்கம் சுருக்கமாக இருப்பது நல்லதுதான், ஆனால் அவசியமானதே விட்டுப்போயிருக்கிறது. கமிட் செய்யவேண்டியவை நான்கு: இரண்டு ஸ்கிரிப்ட், ஒரு ஜார், ஒரு பிராபர்ட்டீஸ் ஃபைல். கிட் இக்னோரில் எல்லா ஜாரையும் தள்ளிவைக்கும் வரி இருந்தால் ராப்பர் ஜாரும் அதில் மாட்டிக்கொள்ளும், புதிதாகக் க்ளோன் செய்தவனுக்கு "கிரேடில் ராப்பர் மெயின் கிளாஸ் கிடைக்கவில்லை" என்று வரும். விண்டோஸிலிருந்து கமிட் செய்தால் ஸ்கிரிப்டுக்கு எக்ஸிக்யூட் அனுமதி இல்லாமல் போகலாம், லினக்ஸ்காரனுக்கு "பெர்மிஷன் டினைட்". வெர்ஷன் ஏற்றும்போது ராப்பர் டாஸ்க்கை இரண்டு தடவை ஓட்டச் சொல். முதல் தடவை பழைய கிரேடில் ஓடிப் பிராபர்ட்டீஸில் எண்ணை மாற்றும். இரண்டாவது தடவை புதியது ஓடித் தன் ஜாரையும் ஸ்கிரிப்டையும் எழுதும். ஒரு தடவையோடு விட்டால் பழைய ஜாரே தங்கிவிடும். 4-லிருந்து ஒரே தாவலில் 8-க்குப் போகச் சொல்லாதே. ஒவ்வொரு பெரிய வெர்ஷனின் கடைசி வெளியீட்டிலும் நின்று, வார்னிங்கைத் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போகட்டும்.

ஜாவா பொருத்தம் பற்றி ஒரு சின்ன அட்டவணை போதும். ஜாவா 11-இல் ஓடக் கிரேடில் 5.0, 17-க்கு 7.3, 21-க்கு 8.5. மறுபுறமாக, கிரேடில் 9 ஓடவே ஜாவா 17 வேண்டும். பழைய கிரேடிலில் புது ஜாவாவைப் போட்டவன் பார்ப்பது "அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 61" என்ற எரரை. 61 என்றால் ஜாவா 17, 65 என்றால் 21. அவன் தேடுவது அந்த வரியைத்தான், ஆகவே எரர் வரியையே எழுத்து மாறாமல் தலைப்பாக வை. "பொதுவான சிக்கல்கள்" என்று நீ வைத்திருக்கும் தலைப்பை யார் தேடுவார்கள், சொல்! தலைப்பை மாற்றும்போது பழைய லிங்க் உடையாமல் இருக்க ஒவ்வொரு தலைப்புக்கும் ஐடியை நீயே கொடு. தானாக உருவாகும் ஐடி தலைப்போடு சேர்ந்து மாறிவிடும்.

பின்னிணைப்பில் இருக்கும் மேக்ஃபைலை (மேக் என்ற பழைய பில்ட் டூலின் ஃபைல்) பார்த்ததும் சிரித்துவிட்டேன். ஆனால் அதில் ஒரு நிஜமான பொறி இருக்கிறது. கிரேடிலைக் கூப்பிடும் டார்கெட்டுக்கு "பில்ட்" என்று பெயர் வைத்திருக்கிறாய். முதல் தடவை நன்றாக ஓடும். ஓடி முடிந்ததும் கிரேடில் அதே இடத்தில் "பில்ட்" என்று ஒரு ஃபோல்டரை உருவாக்கிவிடும். அடுத்த தடவை மேக் அந்த ஃபோல்டரைப் பார்த்து "பில்ட் அப்-டு-டேட்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். கோடு எவ்வளவு மாறினாலும் பில்ட் நடக்காது. அது ஃபைல் பெயர் இல்லை என்று மேக்குக்குச் சொல்லும் "ஃபோனி" வரி ஒன்று சேர், தீர்ந்தது. கூடவே ஆஸ்கிடாக்கில் "டேப்சைஸ்" வைத்திருக்கிறாயா என்றும் பார். வைத்திருந்தால் டேப் எல்லாம் வெற்றிடமாகிவிடும், காப்பி எடுத்தவனுக்கு "மிஸ்ஸிங் செபரேட்டர்" வரும். கட்டளை வரி டேபில்தான் தொடங்கவேண்டும் என்பது ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் பெல் லேப்ஸில் மேக்கை எழுதியபோது வைத்த விதி. பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள், அவர்களைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்று மாற்றாமல் விட்டார். இன்றுவரை எல்லோரும் அந்த டேபைத் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

வரிசை இப்படி வைத்துக்கொள்: ஒன்பதாம் பக்கத்தை இன்றே எடுத்துவிடு, திருத்தம் பிறகு வரட்டும். அடுத்து செட்டிங்ஸ் ஃபைலோடு குட்டி புராஜெக்ட் ஒன்றை மட்டும் டெஸ்ட்கிட்டில் ஓடவைத்து எனக்கு அனுப்பு, ஒப்பிடும் பகுதியை நான் எழுதித் தருகிறேன். பப்ளிஷ் பக்கத்தையும் நானே எடுத்துக்கொள்கிறேன், உனக்கு அந்தப் பிளகினைக் கண்டாலே எரிச்சல் என்று தெரியும்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். பண்டிதருக்கு ஒரு வரியாவது எழுது, என்னைப் போட்டுக் கேட்கிறார்.

அன்புடன்,
உன் மாப்ளே