அவர் உங்கள் ஆள்தான்: மத நிறுவனத் தலைமைகளுக்கு ஒரு திறந்த மடல்

மத நிறுவனங்களை நடத்தும் பெரியவர்களுக்கு,

வணக்கம். பின்னணியை நான் விளக்கத் தேவையில்லை. பாதிரியார்கள் குழந்தைகளுக்குச் செய்த பாலியல் கொடுமைகளைப் பற்றி அயர்லாந்து, அமெரிக்காவின் பென்சில்வேனியா, பிரான்ஸ் என்று வரிசையாக வந்த விசாரணை அறிக்கைகள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2024 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் உச்சபட்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. 1971-இல் ஐந்து வயதுக் குழந்தையை, பெற்றோரின் வீட்டிலேயே வைத்து, அவர்கள் பகுதிக் கத்தோலிக்கத் தேவாலயத்தின் உதவிப் பாதிரியார் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கிய வழக்கு. மறைமாவட்டமே, அதாவது ஓர் ஆயரின் (பிஷப்பின்) கீழ் இருக்கும் திருச்சபை நிர்வாகமே, பொறுப்பு என்று கீழே இரண்டு நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. மேலே அது கவிழ்ந்தது. காரணம், பாதிரியார் மறைமாவட்டத்தின் ஊழியர் இல்லையாம். ஊழியர் அல்லாதவர் செய்ததற்கு நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாதாம்.

நீதிபதிகள் தங்கள் முன் வைக்கப்பட்ட வாதத்தைச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த வாதத்தை வைத்தது மறைமாவட்டத் தரப்பு. அதனால்தான் மடல் நீதிபதிகளுக்கு இல்லாமல் உங்களுக்கு வருகிறது. கோரிக்கை ஒன்றுதான்: குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளில் ‘அவர் எங்கள் ஊழியர் இல்லை’ என்ற வாதத்தைக் கைவிடுங்கள்.

ஒரு பாதிரியார் எந்த ஊரில் இருக்க வேண்டும், எந்த வீட்டில் தங்க வேண்டும், எப்போது மாற்றலாக வேண்டும் என்பதை ஆயர் முடிவு செய்கிறார். கீழ்ப்படிவதாக அவரிடம் வாக்குக் கொடுத்த பிறகுதான் குருப்பட்டமே கிடைக்கிறது. எந்த முதலாளிக்கு இவ்வளவு அதிகாரம் இருக்கிறது? வீட்டுக் கதவை அந்தப் பெற்றோர் திறந்துவிட்டது அவருடைய அங்கியைப் பார்த்து. அங்கி உங்களுடையது.

ஜான் எல்லிஸின் வழக்கை நினைவுபடுத்துகிறேன். சிட்னியில் பூசைக்கு உதவி செய்த காலத்தில் ஒரு பாதிரியாரின் பாலியல் கொடுமைக்கு ஆளான சிறுவன், பிற்காலத்தில் வழக்கறிஞர். முதலில் அவர் திருச்சபையின் உள் நடைமுறையைத்தான் நம்பிப் போனார். சபையே நியமித்த விசாரணையாளர், அவர் சொன்னது நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று எழுதிக் கொடுத்தார். அப்புறம் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே அதே சபையின் தரப்பு, கொடுமை நடந்ததா என்பதையே மறுத்துக் குறுக்கு விசாரணை செய்தது. வீட்டுக்குள் ‘நம்புகிறோம்’, கூண்டில் ஏற்றி ‘நிரூபி’. கடைசியில் 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது என்ன? திருச்சபை என்பது சட்டப்படி வழக்குப் போடக்கூடிய ஓர் அமைப்பே அல்ல; சொத்தை வைத்திருக்கும் அறக்கட்டளை இதற்குப் பொறுப்பும் அல்ல. சொத்துக்கு ஆள் இருக்கிறது, குற்றத்துக்கு ஆள் இல்லை. அந்த ஓட்டையை அடைக்க 2018 முதல் மாநிலங்கள் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அடைத்து ஆறே வருடத்தில் அடுத்த ஓட்டை.

இத்தனைக்கும், பாதிக்கப்பட்டவர்கள் வாய் திறக்கவே சராசரியாக ஏறக்குறைய 24 ஆண்டுகள் ஆகின்றன என்று நிறுவனங்களில் நடந்த இந்தக் கொடுமைகளை விசாரித்த ஆஸ்திரேலிய அரச ஆணையத்தின் 2017 அறிக்கை சொல்கிறது. அத்தனை காலம் கழித்து, பல சமயம் குற்றவாளி செத்துப்போன பிறகு, ஒருவர் உங்கள் வாசலுக்கு வருகிறார். வந்தவரிடம் வேலை ஒப்பந்தம் எங்கே என்று கேட்கிறீர்கள்.

கத்தோலிக்கர்களை மட்டும் குறிவைக்கிறேன் என்று மற்றவர்கள் நிம்மதியாக உட்கார வேண்டாம். அதே ஆணையத்தின் முன் யூதப் பள்ளிகளும் ஒரு யோகா ஆசிரமமும் வந்து நின்றன. யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவின் ஆஸ்திரேலியக் கோப்புகளில் 1950-இலிருந்து குற்றம் சாட்டப்பட்டவர்கள் 1,006 பேர். சபை தானாகப் போலீசுக்குச் சொன்னது ஒருவரைப் பற்றிக்கூட இல்லை. கோப்புப் பராமரிப்பில் மட்டும் குறை சொல்ல முடியாது. பல நிறுவனங்களில் பிறகு மன்னிப்புக் கூட்டம், மெழுகுவர்த்தி, கண்ணீர், பத்திரிகைக்கு ஓர் அறிக்கை. மறுநாள் வழக்கறிஞர்கள் தங்கள் வேலையைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.

இது முடியாத காரியமும் இல்லை. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2004-இலேயே ஒரு பாதிரியாரின் குற்றங்களுக்கு மறைமாவட்டத்தைப் பொறுப்பாக்கியது. இங்கிலாந்தில் 2012-இல், ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் ஆயருக்கும் பாதிரியாருக்கும் இடையிலான உறவு வேலை உறவுக்கு ஒப்பானதே என்று நீதிமன்றம் ஏற்றது. இந்தியாவின் போக்சோ சட்டம், தன் கட்டுப்பாட்டில் இருப்பவர் செய்த குற்றத்தைத் தெரிந்தும் புகார் செய்யாத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது. அந்த நாடுகளில் திருச்சபை இதனால் இல்லாமல் போய்விடவில்லை.

சரி, கோபம் கொஞ்சம் மீறிவிட்டது. கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். ‘ஊழியர் இல்லை’ என்ற வாதத்தைக் கைவிடுங்கள். உங்கள் பெயரில், உங்கள் அனுமதியோடு ஒருவர் குழந்தைகளிடம் போனால், அவர் செய்வதற்கு நிறுவனம் பொறுப்பேற்கும் என்று எழுத்தில் அறிவியுங்கள். வழக்குப் போட ஒரு பெயரையும், இழப்பீடு கொடுக்கப் பணமுள்ள ஓர் அமைப்பையும் நீங்களே முன்வந்து காட்டுங்கள். சட்டத் திருத்தம் வரும்போது அதை எதிர்த்து ஆள் அனுப்பாதீர்கள்.

இந்த மடலுக்கு எனக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. நிலுவையில் இருக்கும் வழக்குகளில் உங்கள் வழக்கறிஞர்களுக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும்.

மரியாதையுடன்,
ஒரு வாசகர்